விரலைக் காட்டும் வீடியோ, மூச்சைக் காட்டுமா? தகரக் குழலும் அதைப் படித்தவர்களும்

போன வருசம் லண்டனில் இருக்கிற மாமா ஊருக்கு வரும்போது எனக்கு ஒரு டின் விசில் கொண்டு வந்தார். ஒரு அடி நீளம், ஆறு துளை, வாய் வைக்கிற இடத்தில் பச்சை பிளாஸ்டிக். 'இது லேசு, யூடியூப்ல எல்லாம் இருக்கு, பார்த்துப் படி' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ பஸ் ஏறினால் வயலின், வீணை, மிருதங்கம் எல்லாவற்றுக்கும் வகுப்பு இருக்கிறது. ஹெந்தளையில் ஒரு தகரக் குழலுக்கு யாரைப் போய்த் தேடுவது? அதனால் நானும் டேட்டா போட்டு வீடியோவைத் திறந்தேன்.

முதல் நாள் சந்தோசம். மேலே இருக்கிற மூன்று துளையும் உடனே பேசின. ஒவ்வொரு விரலாகக் கீழே போய்க் கடைசித் துளையை மூடினதும் குழல் வீல் என்று கத்தியது. திரும்ப ஊதினேன், திரும்பக் கத்தியது. அந்த வீடியோவைப் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். வீடியோவில் இருக்கிறவர் என்ன செய்கிறாரோ அதையேதான் நானும் செய்கிறேன். அவருக்குச் சத்தம் வருகிறது, எனக்கு வரவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு குழல்தான் பழுது என்று முடிவெடுத்து மேசை இழுப்பறையில் போட்டேன்.

பிறகு ஒரு நாள் பக்கத்து ஒழுங்கை அக்கா வந்திருந்தபோது சும்மா எடுத்து ஊதிக் காட்டினேன். அவர் சின்ன வயதில் கோயில் பாடற்குழுவில் ரெக்கோடர் வாசித்தவர். என் விரலைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்: 'வலது கை மோதிர விரல் சரியா மூடல்ல. நுனியால குத்தாத, சதையால படுக்க வை. கீழ போகப் போக மூச்சக் குறை.' அரை நிமிசம்தான். குழல் பேசத் தொடங்கியது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீடியோ பார்த்துத் தொடக்கக்காரர் ஒருவர் குழல் படிக்க முடியுமா? இது நம்முடைய காலத்துக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் தேடிப் பார்த்தால், ஆசிரியர் இல்லாமல் இசை படிக்கலாமா என்கிற சந்தேகம், புத்தகம், கிராமபோன், ரேடியோ என்று ஒவ்வொரு புதுப் பொருள் வந்தபோதும் வந்திருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஒரு பென்னி விலையில் ஒரு வாத்தியம்

இன்றைக்கு நாம் பார்க்கிற டின் விசிலின் கதை 1843இல் இங்கிலாந்தில் தொடங்குகிறது. ரொபர்ட் கிளார்க் என்கிற ஏழைத் தொழிலாளி, தகரம் பூசின மெல்லிய இரும்புத் தகட்டைச் சுருட்டி, வாய்ப்பக்கம் ஒரு மரக்கட்டையைச் செருகிக் குழல் செய்தார். சஃபோக் மாவட்டத்துச் சின்னக் கிராமம் ஒன்றில் இருந்தவர், பிறகு மான்செஸ்டருக்குப் போய்த் தொழிற்சாலை போட்டார். தகடு மலிவு, செய்வது சுகம். 'பென்னி விசில்' என்ற பெயரே அதன் மலிவைச் சொல்லும். காசில்லாத பிள்ளைகள் கையில் முதன்முதலாகச் சுருதி சேர்ந்த ஒரு வாத்தியம் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

புல்லாங்குழலில் சத்தம் வர உதட்டைக் குவித்துக் காற்றைச் சரியான கோணத்தில் துளையின் விளிம்பில் அடிக்க வேண்டும். சிலருக்கு முதல் சத்தம் வரவே கிழமைக் கணக்கு ஆகும். டின் விசிலில் அந்த வேலையை வாய்க்கட்டையே செய்துவிடுகிறது, ஊதினால் சத்தம் வரும். அதனால்தான் 'லேசு' என்கிறார்கள். ஆனால் அந்த லேசில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே விரல் வைப்பில் மெல்ல ஊதினால் கீழ் ஸ்தாயி, அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயி. இரண்டையும் பிரிக்கிறது மூச்சு மட்டும்தான். ஒரு விரல் மயிரிழை விலகினாலும் கத்தும், மூச்சு கொஞ்சம் கூடினாலும் கத்தும். தொடக்கக்காரருக்கு இரண்டு கத்தலும் ஒரே மாதிரித்தான் கேட்கும். எது விரலால் வந்தது, எது மூச்சால் வந்தது என்று அவருக்குத் தெரியாது. நான் இரண்டு கிழமை மாட்டிக்கொண்டு நின்ற இடம் இதுதான்.

அடியார்க்கு நல்லார் எழுதின பாடம்

குழல் படிப்பதற்கு எழுத்தில் வழி சொல்லும் வேலை தமிழில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் கொன்றைக்குழல், ஆம்பற்குழல், முல்லைக்குழல் என்று மூன்று குழல் வருகிறது. அரங்கேற்று காதைக்கு உரை எழுதின அடியார்க்கு நல்லார் ஒரு படி மேலே போகிறார். குழலை எதில் செய்யலாம், எவ்வளவு நீளம், துளைகளை எங்கே இடுவது என்று சொல்லிவிட்டு, எந்த விரலை எங்கே வைப்பது என்பதையும் சொல்கிறார். இடது கையில் பெருவிரலும் சிறுவிரலும் தவிர்ந்த மூன்று, வலது கையில் பெருவிரல் தவிர்ந்த நான்கு, மொத்தம் ஏழு. டின் விசிலில் இடது மூன்று, வலது மூன்று. இன்றைக்கு ஒரு வீடியோவின் முதல் இரண்டு நிமிசத்தில் சொல்கிற அதே விசயம், பல நூற்றாண்டுக்கு முன்னாலேயே உரைநடையில் எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்த உரையை மட்டும் வைத்துக்கொண்டு ஆம்பற்குழல் எப்படி ஒலித்தது என்று நம்மால் கேட்க முடியுமா? முடியாது. விரல் எழுத்தில் தங்கிவிட்டது, ஒலி தங்கவில்லை.

இந்த வலியை நம்முடைய நாட்டில் முழுசாக அனுபவித்தவர் சுவாமி விபுலானந்தர். காரைதீவில் பிறந்தவர். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் வைத்துக்கொண்டு, யாரும் வாசிக்காமல் போன யாழ் என்கிற வாத்தியத்தைக் கணக்குப் போட்டுத் திரும்ப எழுப்பப் பார்த்தார். பல வருச உழைப்புக்குப் பிறகு 1947இல் 'யாழ் நூல்' வெளிவந்தது. அதே வருசம் அவர் காலமானார். யாழைப் பற்றி எழுதினவர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற சங்கிலி எங்கேயோ அறுந்துவிட்டது. அறுந்ததற்குப் பிறகு, கணிதமும் இலக்கணமும் அறிவியலும் தெரிந்த ஒரு அறிஞருக்கே அது ஆயுள் வேலையாகிவிட்டது.

அச்சு திறந்த கதவு

அப்படியென்றால் குருவிடம் போனால்தான் இசை, மற்றதெல்லாம் வீண் என்று முடித்துவிடலாமா? அதுவும் சரியில்லை. குரு யாருக்குக் கிடைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். நாதஸ்வரமும் தவிலும் பிறப்பால் சில குடும்பங்களுக்குள் இருந்தன. பாட்டு இன்னும் சில சாதிக்குள் இருந்தது. குடும்பப் பெண்கள் மேடையில் பாடுவதே ஒரு காலத்தில் பேச்சாகிவிடும். குருகுலத்தின் பெருமையைப் பேசும்போது, அதன் வாசலில் நின்று திரும்பினவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் அச்சிட்ட இசைப் புத்தகங்கள் வரத் தொடங்கின. நீயே படித்துக்கொள் என்கிற 'சுயபோதினி' வகைப் புத்தகங்களும் அதில் இருந்தன. 1890களில் சின்னசாமி முதலியார் என்கிற தமிழ்க் கிறிஸ்தவர், கர்நாடக இசைக் கீர்த்தனைகளை ஐரோப்பியக் கோட்டுக் குறியீட்டில் அச்சடிக்கத் தன் காசையும் கண் பார்வையையும் செலவழித்தார். எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதரிடம், உங்கள் குடும்பச் சொத்தான பாடல்களை வெளியிடுங்கள் என்று வற்புறுத்தினவர்களில் அவரும் ஒருவர். தீட்சிதர் முதலில் தயங்கினார். கடைசியில் 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வந்தது. அதில் வெறும் ஸ்வரம் மட்டும் இல்லை, ஸ்வரத்தை எப்படி அசைப்பது என்பதற்குத் தனித்தனிக் கமகக் குறிகளும் இருக்கின்றன. ஸ்வரத்தை மட்டும் அச்சிட்டால் பாட்டு வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தாளில் வராததை எப்படியாவது தாளில் கொண்டுவரப் பார்த்திருக்கிறார்.

இன்றைக்கு ஒரு வீடியோவில் விரலைக் கிட்டக் காட்டி, வேகத்தைக் குறைத்து, மேலே எழுத்தும் ஓட விடுகிறார்களே, அவர்களும் செய்வது இதே வேலைதான்.

பார்க்காமலே வாசித்தவர்

தென்னிந்தியாவில் புல்லாங்குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக மேடையேற்றினவர் யார் என்று கேட்டால் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) என்பார்கள். அவர் சின்ன வயதிலேயே பார்வை இழந்தவர். எனக்கு இந்த விசயம் ஒரு அதிர்ச்சி மாதிரி இருந்தது. வீடியோவின் முழுப் பலமும் 'பார், பார்த்துச் செய்' என்பதில் இருக்கிறது. ஆனால் நம்முடைய குழல் மரபைத் தொடக்கிவைத்தவரோ யாருடைய விரலையும் பார்த்ததே இல்லை. அவர் கேட்டார், தடவிப் பார்த்தார், தன் சத்தத்தைத் தானே திருத்தினார். பல்லடம் சஞ்சீவ ராவ் அவரிடம் படித்து அந்தப் பாணியைக் கொண்டுபோனார்.

அதற்குப் பிறகு மாலி. திருவிடைமருதூரில் 1926இல் பிறந்த டி. ஆர். மகாலிங்கம். மாமா ஜால்ரா கோபாலையரிடம் அவர் படித்தது வாய்ப்பாட்டு. குழலைத் தானே எடுத்து, காதால் கேட்ட பாட்டை அதில் தேடிக் கண்டுபிடித்தார். 1933இல், 7 வயதில், மயிலாப்பூரில் மேடை ஏறினார். விரல் வைப்பு, உதடு, ஊதும் முறை எல்லாவற்றையும் மாற்றி, குரல் மாதிரிக் குழலைப் பாட வைத்தார். அவரிடம் படித்த என். ரமணி அதைக் கடல் கடந்தும் கொண்டுபோனார்.

'பார்த்தீங்களா, மாலிக்குக் குழல் குருவே இல்லையே' என்று சொல்லிவிடுவது சுகம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழலைத் தொடுவதற்கு முன்னாலேயே அவருடைய காது தயாராகிவிட்டது. வீட்டில் எப்போதும் பாட்டு நடந்தது. தப்பாக ஊதினால் தப்பு என்று சொல்ல ஆளும் இருந்தது, தப்பு என்று கேட்கக் காதும் இருந்தது. வீடியோவைத் திறக்கிற நமக்குப் பெரும்பாலும் இந்த இரண்டும் இல்லை.

இசைத்தட்டு கொடுத்ததும் எடுத்ததும்

டின் விசில் இன்றைக்கு அயர்லாந்தின் அடையாளமாகிவிட்டது. அங்கேயும் இசை காதால் போய் வந்த சொத்துத்தான். சிக்காகோவில் பொலிஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ'நீல் என்கிற அயர்லாந்துக்காரர், குடியேறினவர்களின் நினைவில் இருந்த மெட்டுகளைச் சேர்த்து 1903இல் 1,850 மெட்டுகளைப் புத்தகமாகப் போட்டார். வேடிக்கை என்ன என்றால், அவருக்கே குறியீடு எழுதத் தெரியாது. அவர் காதால் வாசிக்க, இன்னொரு ஓ'நீல் எழுதினார்.

பிறகு இசைத்தட்டு. ஸ்லைகோ பகுதியில் இருந்து நியூயோர்க் போன மைக்கேல் கோல்மன் என்கிற ஃபிடில் வித்துவான் 1920களில் தட்டுகள் பதிந்தார். அந்தத் தட்டுகள் கப்பல் ஏறி அயர்லாந்துக்கு வந்தன. கிராமத்துப் பெடியள் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஊசியைத் தூக்கி வைத்துப் படித்தார்கள். அற்புதமான ஆசிரியர், ஒருபோதும் களைக்க மாட்டார். ஆனால் கொஞ்ச காலத்தில் ஊருக்கு ஊர் வேறு வேறாக இருந்த வாசிப்பு குறைந்து, எல்லாரும் கோல்மன் மாதிரி வாசிக்கத் தொடங்கினார்கள் என்று பலர் கவலைப்பட்டார்கள்.

நம்முடைய பக்கத்தில் அந்த வேலையை ரேடியோ செய்தது. கொழும்பில் 1925இல் வானொலி தொடங்கியது. 1939இல் திருச்சி நிலையம் வந்தபோது, கடலுக்கு இந்தப் பக்கத்திலும் அதைப் பிடித்துக் கச்சேரி கேட்டார்கள். ஆல் இந்தியா ரேடியோ 'இசைப் பயிற்சி' என்று பாடமே நடத்தியது. வித்துவான் ஒரு வரி பாடுவார், மாணவர் திரும்பப் பாடுவார். வீட்டில் இருக்கிறவர்களும் கூடப் பாடலாம். காசு இல்லாத, வகுப்புக்குப் போக விடாத எத்தனையோ வீடுகளில் அதுதான் குரு. இன்றைய வீடியோப் பாடத்தின் உண்மையான தாத்தா இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதில் ஒரு நல்ல விசயம் இருந்தது. ஸ்டூடியோவில் மாணவர் தப்பு விட்டால் வித்துவான் அங்கேயே திருத்துவார். கேட்கிறவருக்கும் அந்தத் திருத்தம் போய்ச் சேரும். இன்றைய வீடியோக்களில் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவர்தான் இருக்கிறார், அவர் தப்பே விடுவதில்லை.

தெருவில் படித்தவர்கள்

டின் விசிலின் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் தென்னாபிரிக்கா. 1950களில் ஜொகனஸ்பேர்க்கின் கறுப்பினக் குடியிருப்புகளில், மலிவான இந்தக் குழலை வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்று பெடியள் 'குவேலா' என்கிற இசையை உண்டாக்கினார்கள். நிறவெறிச் சட்டத்தின் காலம், பொலிஸ் வண்டி எந்த நேரமும் வரும். அவர்களுக்கு இசைப் பள்ளியும் இல்லை, பாடப்புத்தகமும் இல்லை. வாய்க்கட்டையைச் சரித்துக் கன்னத்துக்குள் வைத்தால் சத்தம் தடிப்பாக வரும், சுருதியை வளைக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். குழலைச் செய்த கம்பனிகூட அப்படி நினைத்திருக்காது. ஸ்போக்ஸ் மஷியானேயின் தட்டு 1954இல் வந்து நன்றாக ஓடியது. 1958இல் 'டொம் ஹார்க்' என்கிற குவேலா மெட்டு பிரித்தானியாவின் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது.

ஒருவரிடமும் முறையாகப் படிக்காத இந்தப் பெடியள் எப்படிப் படித்தார்கள்? நாலு பேர் சேர்ந்து ஊதினார்கள். ஒருத்தன் பிசகினால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்டுவிடும். தெருவில் போகிறவர் நின்று காசு போட்டால் நல்லாயிருக்கிறது, போடாமல் போனால் இல்லை. ஆசிரியர் இல்லை, ஆனால் கேட்க ஆள் இருந்தது.

அப்போ வீடியோ?

2005இல் யூடியூப் வந்தது. கிளார்க்கின் குழல் மாதிரியே இதுவும் கதவைத் திறந்த பொருள்தான். சாதி கேட்காது, ஆணா பெண்ணா என்று கேட்காது, மாதக் கட்டணம் கேட்காது. வேகத்தைப் பாதியாக்கலாம், ஒரு வரியை ஐம்பது தடவை கேட்கலாம், நடுச்சாமத்திலும் படிக்கலாம். விரல் எங்கே, குழலை எப்படிப் பிடிப்பது, எந்த மெட்டு முதலில் என்பதற்கெல்லாம் இதைவிட நல்ல வழி என் மாதிரி ஆளுக்கு இல்லை. ஆகவே 'உதவுமா?' என்று கேட்டால், உதவும் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் குழலில் முக்கியமான இரண்டு விசயம் கமராவுக்குத் தெரியாது. ஒன்று மூச்சு. மற்றது வாய்க்குள் நாக்கு ஸ்வரத்தைத் தட்டிப் பிரிப்பது. இரண்டையும் காதால்தான் பிடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, வீடியோ பேசும், நம்மைக் கேட்காது. இணையத்தில் நேரடி வகுப்பு எடுத்தால் ஆசிரியர் கேட்பார். அப்போதும் சத்தம் கொஞ்சம் பிந்தி வருவதால் இரண்டு பேர் சேர்ந்து ஊத முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. டி சுருதியில் இருக்கிற டின் விசிலைக் கீழிருந்து விரல் விரலாகத் திறந்தால் வருவது நம்முடைய சங்கராபரணம். அயர்லாந்து மெட்டுகள் அதற்குள் அழகாக உட்காரும். நம்முடைய வகுப்பில் முதல் பாடம் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. அதை இந்தக் குழலில் வாசிக்க ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் துளையைப் பாதி மூட வேண்டும், தொடக்கக்காரருக்கு அது மலை. வீடியோவை மட்டும் நம்பினால் அதனால் அயர்லாந்து மெட்டோடேயே நின்றுவிடுவோம். கோல்மன் தட்டில் நடந்தது இங்கேயும் நடக்கலாம். அதற்கு ஒரு சின்ன வழி: மோகனத்தில் தொடங்குங்கள். அதன் ஐந்து ஸ்வரமும் பாதித் துளை இல்லாமலே வரும். முல்லைப் பண்ணை மோகனத்தோடு ஒப்பிடுவார்கள். முல்லைக்குழல் என்று சிலப்பதிகாரம் பெயர் சொன்ன அந்தப் பக்கத்துக்கு ஒரு தகரத் துண்டோடு கொஞ்சம் கிட்டப் போகலாம்.

என் அனுபவத்தில் உதவினது இவ்வளவுதான். ஒரு மெட்டை ஊதுவதற்கு முன், வாயால் பாட வருகிற வரைக்கும் கேட்பது. வீடியோவை ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு ஓடவிடுவது. நம்முடைய ஊதலைப் போனில் பதிந்து அடுத்த நாள் கேட்பது (முதல் தடவை வெட்கமாக இருக்கும், பரவாயில்லை). கிழமைக்கு ஒரு தடவையாவது ஒரு ஆளுக்கு ஊதிக் காட்டுவது. அந்த ஆள் வித்துவானாக இருக்க வேண்டியதில்லை. பாடற்குழு அக்கா போதும். பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கிற ஐயா போதும். பாடசாலைப் பேண்டில் ஊதின மச்சான் போதும்.

எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட ஆட்கள் ஒழுங்கைக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை, அவர்களும் வந்து சொல்வதில்லை. பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ஒருவரை விட்டுவிட்டு, கண்டம் தாண்டி இருக்கிற ஒருவரின் விரலைப் பத்துத் தடவை பார்த்தவன் நான். அந்தச் சங்கிலி அறுந்தால் பிறகு கோர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு யாழ் நூல் சாட்சி.

குழல் இப்போது இழுப்பறையில் இல்லை. ஞாயிறு பின்னேரம் அக்கா வீட்டு விறாந்தையில் நாங்கள் மூன்று பேர் ஊதுகிறோம். இரண்டு டின் விசில், ஒரு பழைய ரெக்கோடர். மெட்டை வீடியோவில் எடுக்கிறோம், பிழையை ஒருவர் மற்றவருக்குச் சொல்கிறோம். கடைசித் துளை சில நாள் இன்னும் கத்துகிறது. ஏன் கத்துகிறது என்று இப்போது தெரியும்.